பாலம் வெளிக்கிட்டிட்டுது

மச்சான்,

நேற்றுச் சின்னத்துரை அண்ணையின் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனேன். போத்தலின் வாயில் அந்தப் பழைய தகரப் புனலைச் செருகி ஊற்றினார். ஊற்றி முடித்துப் புனலைத் தூக்கியபோது அதன் வாசம் எழுந்து மூக்கில் ஏறியது. என்னிடம் ஒரு சொல் கேளாமல் என் வாய் தானாகத் திறந்து, "பெருமதிப்புக்கும் பேருடலுக்கும் உரிய தலைவர் அவர்களே" என்று சொல்லிவிட்டது.

கடையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அண்ணை புனலைத் துடைத்து ஆணியில் கொழுவினார். "இனி ஆர் பதில் சொல்லப்போகினம்?" என்றார், என்னைப் பார்க்காமல். மூலையில் உன்னுடைய கை உடைந்த கதிரை கிடந்தது. அதில் இப்போது வெங்காயச் சாக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆசனத்தில் இதுவரை அமர்ந்தவர்களில் அதுதான் நேர்மையானது என்று எனக்குத் தோன்றியது.

உன் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து அதிக நாளில்லை. செத்தவனோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று சொல்கிறார்கள். நீ உயிரோடு இருந்தபோது நான் உன்னோடு பேசாமல் இருந்தேன். ஆகையால் சண்டை அப்படியே மிச்சமாகக் கிடக்கிறது. அதை நான் வேறு யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

நாங்கள் தென்மராட்சியிலிருந்து ஒரே லொறியில் வந்தவர்கள். நீயும் நானும், இரண்டு மண்வெட்டியும், உன் தாயார் கட்டித் தந்த பனை ஒடியல் மாவும். காடு வெட்டிக் கழனியாக்கச் சொல்லி அரசாங்கம் தந்த காணி ஆற்றுக்கு அப்பால் கிடந்தது. றோட்டும் கடையும் மருந்துக்காரரும் ஆற்றுக்கு இப்பால். நடுவில் ஓடியது நம் ஆறு. கோடையில் அதை ஆட்டுக்குட்டி தாண்டிப் போகும்; மாரியில் அது தன்னை இந்து சமுத்திரம் என்று நினைத்துக்கொண்டு, கப்பல் வரும் என்று காத்திருக்கும்.

அந்தக் காலத்தில் பத்துக் கட்டை தூரத்துக்குள் றேடியோ என்று சொல்ல இருந்தது சின்னத்துரை அண்ணையிடம் மட்டும். கார் பற்றரியில் ஓடும் அந்தப் பெட்டியை அவர் சாமியறைப் படத்தைப்போல் பார்த்துக்கொள்வார். விளக்கு வைக்கிற நேரம் செய்தி வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் பற்றரியைக் காப்பாற்றுவதற்காக அண்ணை சட்டென்று அதை நிறுத்திவிடுவார். பன்றிக்காவலுக்குப் போகிறவர்கள், வண்டிக்காரர்கள், சீனி வாங்க வந்த பெண்கள் என்று வாங்குப் பலகைகளில் இருந்தவர்கள் எழும்பமாட்டார்கள். ஏனென்றால் கொழும்பின் செய்தி முடிந்த இடத்தில் எங்களுடைய செய்தி தொடங்கும்.

நான் பேட்டி காண்பவனாகப் புனலைக் கழற்றி வாயில் வைப்பேன். அகன்ற பக்கத்தை உன் முகத்துக்கு நேரே பிடிப்பேன். நீ தோளில் கிடந்த துவாயைச் சால்வையாக மடித்துப் போட்டுக்கொண்டு, கை உடைந்த கதிரையில் இல்லாத கையின்மேல் முழங்கையை ஊன்றுவாய். ஊன்றிய முழங்கை விழும். சனம் அதற்கே சிரிக்கத் தொடங்கிவிடும். மந்திரியாக இருப்பாய், மந்திரியின் மனைவியாக இருப்பாய், மந்திரியின் காரில் கட்டிய கொடியாகவும் ஒருநாள் இருந்தாய். காற்றில்லாதபோது கொடி எப்படிக் கிடக்கும் என்று நீ காட்டியதைப் பார்த்து ஊர் விதானையார் தேத்தண்ணியை மூக்கால் விட்டார். அன்று எழுந்த சிரிப்பில் கொக்கிளாய்க் களப்பில் மீன்கள் கலைந்து ஓடின என்று நான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். இப்போதும் அதை மறுத்துச் சொன்னவர் இல்லை.

ஆனால் உன் முடிசூடிய வேடம் எங்கள் கிராமச் சங்கத் தலைவர்தான். அவருடைய தொண்டைச் செருமல், சொல்லுக்குச் சொல் வைக்கும் இடைவெளி, எல்லாம் அப்படியே. அதோடு நீ சொந்தமாக ஒன்று சேர்த்தாய். பதில் சொல்வதற்கு முன் தலையை அண்ணாந்து கடைக் கூரையின் வளைமரங்களை எண்ணுவதுபோல் பார்ப்பாய். தலைவர் அப்படிப் பார்ப்பதில்லை. அது முழுக்க உன் சரக்கு. "பொய் சொல்லுறவன் மேலை பாப்பான் மச்சான். அங்கை ஆரும் எழுதி வைச்சிருக்கினமோ எண்டு" என்பாய்.

பிறகு அந்த மாரி வந்தது.

அக்கரையில் எங்களுக்குப் பக்கத்துக் காணி இராசம்மாக்காவைக் கட்டின மனிசனுக்குப் பாம்பு தீண்டியது. பொழுது விடிந்து நன்றாக வெளித்திருந்த நேரம். நீயும் நானும் அவரைச் சாக்குக் கட்டிலில் தூக்கி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தோம். இக்கரையில் சின்னத்துரை அண்ணை வண்டி பூட்டி வைத்திருந்தார். மாடு தலையை ஆட்டுவது எங்களுக்குத் தெரிந்தது. தண்ணீர் இடுப்புக்குமேல் இழுத்தது. இரண்டு தரம் இறங்கினோம், இரண்டு தரமும் ஆறு எங்களைத் திருப்பி அனுப்பியது. மத்தியானத்துக்குமேல் தண்ணீர் வடிந்தபோது வண்டி தேவைப்படவில்லை. நீ கட்டிலின் தலைப்பக்கத்தைப் பிடித்திருந்தாய். ஆற்றைப் பார்த்து நீ அன்று பேசிய தூஷணத்தை நான் எழுதமாட்டேன். ஆனால் அதில் தலைவரின் பெயரும் இருந்தது.

அந்த ஆற்றுக்குப் பாலம் கட்டுவதாகச் சொல்லித் தலைவர் ஏற்கெனவே ஒரு கல் நட்டிருந்தார். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, வெள்ளைச் சீமெந்தில் தன் பெயரையும் வெட்டி. எங்கள் பெண்கள் அதில் கத்தி தீட்டினார்கள். அந்த மாரிக்குப் பிறகு எங்கள் செய்தியில் மந்திரிமார் வருவது நின்றது. தலைவர் மாத்திரம் வந்தார்.

"பெருமதிப்புக்கும் பேருடலுக்கும் உரிய தலைவர் அவர்களே, பாலம் எப்ப வரும்?"

நீ செருமினாய். வளைமரத்தைப் பார்த்தாய்.

"பாலம் வெளிக்கிட்டிட்டுது."

"எங்கையிருந்து ஐயா?"

"கொழும்பிலையிருந்து."

"இப்ப எவடத்திலை நிக்குது?"

"ஆத்தங்கரையிலை நிக்குது. கடந்து வாறதுக்கு ஒரு பாலம் இல்லை."

அன்று சனம் சிரித்தது வேறு சிரிப்பு. வயிற்றிலிருந்து வந்து பல்லில் கடிபட்ட சிரிப்பு. இராசம்மாக்கா வாங்கின் ஓரத்தில் சீனிப் பொட்டலத்தோடு இருந்தா. அவாவும் சிரித்தா. பிறகு, "அதைத் தலைவரின்ரை முகத்துக்கு நேரை ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றா. அந்தச் சொல்லில்தான் எங்கள் யுத்தம் பிறந்தது.

தேர்தல் வந்தது. தலைவர் எங்கள் ஊருக்குக் கூட்டம் வைக்க வருகிறார் என்று அறிவித்தார்கள். நாங்கள் கடையில் இருந்து திட்டம் போட்டோம். அவர் பேச எழும்ப முன்னம் நாங்கள் கதிரையைக் கொண்டுபோய் மேடைக்கு முன்னால் போடுவது. நீ அதில் அவராக உட்காருவது. நான் புனலில் கேட்பது. அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே சனம் சிரித்தால், அந்தச் சிரிப்போடு மனிதர் காரில் ஏற முடியாது. பாலத்துக்கு ஒரு நாள் சொல்லித்தான் ஆகவேண்டும். அக்கரைச் சனம் அந்தக் கல்லையும் கிண்டி எடுத்து, வண்டியில் ஏற்றி, செவ்வரத்தம்பூ மாலை போட்டுப் பிரதம விருந்தினராகக் கொண்டுவந்தது. உலக சரித்திரத்தில் ஒரு கல்லுக்கு அப்படி ஒரு ஊர்வலம் நடந்திருக்காது. நான் வண்டியின் முன்னால், புனலைச் செங்கோலைப்போல் ஏந்தி நடந்தேன்.

நீ வரவில்லை. "சேட்டு மாத்திப்போட்டு நேரை அங்கை வாறன் மச்சான்" என்று காலையில் சொல்லியிருந்தாய். நான் கதிரையை மேடைக்கு முன்னால் வைத்தேன். வெறுங்கதிரை.

தலைவர் எழும்பினார். கல்லைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். புனலோடு நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார், மருமகனைப் பார்ப்பதுபோல. "என்ரை சனமே, பாலம் எங்கை எண்டுதானே கேக்க வந்தனீங்கள்" என்றார். செருமினார். பிறகு தலையை அண்ணாந்து பார்த்தார்.

மச்சான், அது வெட்டவெளி. மேலே வளைமரம் இல்லை, ஓலை இல்லை, ஒரு காகம்கூட இல்லை. மனிதர் வானத்தில் வளைமரம் எண்ணிக்கொண்டு நின்றார். அந்தச் சரக்கு உன்னுடையது.

"பாலம் வெளிக்கிட்டிட்டுது" என்றார். "ஆத்தங்கரையிலை வந்து நிக்குது. என்ன செய்யிறது, கடந்து வர ஒரு பாலம் இல்லையாம்."

சனம் வெடித்தது. கடையில் சிரித்ததைவிடப் பத்து மடங்கு. வண்டி மாடு வெருண்டது. தன்னையே பகிடி பண்ணுகிற பெரிய மனிதரை அவர்கள் அதுவரை கண்டதில்லை. "ஆள் பரவாயில்லை" என்று என் பக்கத்தில் நின்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்லுக்குப் பக்கத்தில் நின்று தலைவர் கை கூப்ப, கல்லின் மாலையை எடுத்து அவருக்கே யாரோ போட்டார்கள். நான் புனலை வாயில் வைத்தபடி நின்றேன். கேட்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டு, சொல்ல வேண்டிய பகிடியையும் அவரே சொல்லி முடித்துவிட்டார். புனலில் மண்ணெண்ணெய் வாசம் மட்டும் மிச்சம்.

அப்போதுதான் மேடையின் பின்பக்கம் பார்த்தேன். தலைவரின் வலத்தோளுக்குப் பின்னால் ஒரு மடிப்புக் கலையாத புதுச் சேட்டு நின்றது. அதற்குள் நீ. அவர் பேசப் பேச உன் உதடுகள் அசைந்தன. ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை. பிள்ளைக்குப் பேச்சுப்போட்டிக்குப் பாடமாக்கிக் கொடுத்த வாத்தியாரைப்போல், அவர் எங்கே பிழைவிடுவாரோ என்ற பயத்தோடு, வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு நின்றாய். சனம் சிரித்தபோது உன் முகத்தில் வந்த பெருமையை நான் கண்டேன். அதைக் காணாமல் இருந்திருந்தால் எல்லாவற்றையும் தாங்கியிருப்பேன்.

தலைவர் அன்றைக்கே வென்றுவிட்டார்; தேர்தல் பிறகு பெயருக்கு நடந்தது. கல்லை வண்டியில் திருப்பி ஏற்ற ஒருவரும் இல்லை. அதைத் தள்ளி விழுத்திவிட்டு வீட்டுக்குப் போனோம். வழியில் ஆற்றைக் காலால் கடக்கும்போது இராசம்மாக்கா என் பக்கத்தில் வந்தா. "நானும் சிரிச்சனான் தம்பி" என்றா. "சிரிச்சு முடிஞ்சாப்பிறகுதான் அந்த மனிசன்ரை நினைவு வந்தது." சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தா.

நீ அடுத்த நாள் கடைக்கு வந்தாய். ஒளிக்கவில்லை, அதற்கு மட்டும் உன்னை மெச்சவேண்டும். தலைவர் ஆள் அனுப்பி உன்னைக் கூப்பிட்டதாகச் சொன்னாய். அடிக்கப்போகிறார் என்று பயந்துகொண்டு போனாயாம். அவர் உனக்குக் கதிரை தந்து, "என்னை ஒருக்காச் செய்து காட்டும், பாப்பம்" என்றாராம். நீ செய்து காட்டினாயாம். மனிதர் அழும்வரை சிரித்துவிட்டு, "இதை எனக்குப் பழக்கித் தாரும்" என்றாராம்.

"நீ பழக்கினியோ?" என்று கேட்டேன்.

"பகிடிதானே மச்சான். அவர் எங்கடை பகிடிக்குப் பயந்துபோனார். பயந்த மனிசனை எங்கடை பக்கம் எடுக்கிறது வெற்றிதானே?"

"பயந்தால் பாலம் வரும். சிரிச்சால் என்ன வரும்?"

"சங்கத்திலை கிளாக்கர் வேலை தாறார். நான் உள்ளுக்கை இருந்தால் பாலத்தை நான் கொண்டுவருவன். வெளியிலை நிண்டு புனலைப் பிடிச்சுக் கத்தி ஒண்டும் வராது."

சின்னத்துரை அண்ணை இடையில் புகுந்தார். "எடேய், கட்டிலின்ரை தலைமாட்டைப் பிடிச்சது நீயல்லோ?"

நீ மேலே பார்த்தாய். வளைமரத்தை. நீ செய்து காட்டவில்லை, மச்சான், உண்மையாகவே பார்த்தாய். பொய் சொல்லுகிறவன் எங்கே பார்ப்பான் என்று எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. அன்றைக்கு நான் எழும்பிப் போனவன்தான்.

அதற்குப் பிறகு உன் காணியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நீ றோட்டுக் கரையில் கல்வீடு கட்டினாய். தலைவர் போன இடமெல்லாம் அவருடைய வலத்தோளுக்குப் பின்னால் நின்றாய். மாங்குளத்தில் ஒரு கூட்டத்தில் அவர் தன் வயிற்றைப் பற்றிச் சொன்ன பகிடி உன்னுடையது. பள்ளிக்கூடப் பரிசளிப்பில் கொடி காற்றில்லாமல் கிடப்பதைச் செய்து காட்டினாராம். சனம் விழுந்து விழுந்து சிரித்ததாம். சங்கத் தலைவர் ஒருவர் கொடியாக நிற்பதை எந்தச் சீமையில் காணலாம் என்று கேட்டார்கள். எங்கள் கடையில் செய்தி முடிந்ததும் எல்லோரும் எழும்பிப் போகத் தொடங்கினார்கள். நான் ஒருநாள் புனலை எடுத்தேன். "உதைத் தலைவரே சொல்லிப்போட்டார்" என்றார் ஒருவர். இந்தப் பெரிய பூமியில் ஒரு மனிதரைத் திட்டுவதற்கென்று எங்களிடம் இருந்த ஒரேயொரு ஆயுதத்தை நீ அவருக்கு அலங்காரமாகப் போட்டுவிட்டாய். நான் தோற்றுப்போன ராசாவாக வெங்காயச் சாக்குக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

பாலம் வரவில்லை. நீ உள்ளே இருந்து கேட்டாயா? ஒருதரமாவது, அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது, செருமாமல், மேலே பார்க்காமல் கேட்டாயா? இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். நீ வழியில் என்னைக் கண்டு சைக்கிளை மெதுவாக்கும்போதெல்லாம் நான் வேலியைப் பார்த்து நடந்தேன். கேட்டேன் என்று நீ சொன்னால் நான் நம்பமாட்டேன் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொன்னாலும் தாங்கமாட்டேன்.

உன் செத்தவீட்டுக்கு வந்தேன். வராமல் விட முடியவில்லை. உன் மகள் ஓடிவந்து, "மாமா, அப்பாவைப் பாருங்கோ" என்று கையைப் பிடித்தது. பார்த்தேன். வாய் மூடிக் கட்டியிருந்தார்கள். உனக்கு அப்படி ஒரு வேடம் பொருந்தும் என்று நான் நினைத்ததில்லை.

தலைவர் வந்தார். இரங்கலுரை சொல்ல எழும்பினார். பந்தலின் வெள்ளைத் துணிக்குக் கீழே நின்று செருமினார், அண்ணாந்து பார்த்தார். நான் கண்ணை மூடினேன். மூடியபோது அங்கே பேசியது நீ. உன் இடைவெளி, உன் இழுப்பு, கடைசிச் சொல்லை விழுத்தாமல் தூக்கிப் பிடிக்கும் உன் வித்தை. நீ அவரைச் செய்தாய். அவர் உன்னைச் செய்து செய்து, கடைசியில் உன்னுடைய குரல் அவருடைய தொண்டையில் குடிபோய்விட்டது. நீயோ அவருக்கு முன்னால் வாய் கட்டிக் கிடந்தாய். "எங்கடை கிளாக்கர் மேலை போய் அங்கை ஒரு பாலத்துக்குக் கல்லு வைக்கச் சொல்லிக் கடிதம் போடுவார்" என்றார். செத்தவீட்டில் சிரிக்கக்கூடாது என்றாலும் பந்தலுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது.

நான் எழும்பினேன். என் கையில் புனல் இல்லை. பெருமதிப்பும் இல்லை, பேருடலும் இல்லை. "தலைவர், பாலம் எப்ப வரும்?" என்றேன். அவ்வளவுதான். அந்தக் கேள்வியை வேடம் போடாமல் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தரம்.

அவர் செருமினார். மேலே பார்த்தார். பிறகு, மச்சான், கேள்: மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் வலத்தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

அங்கே பந்தல்கால் ஒன்று நின்றது. வாழைக்குருத்து கட்டிய பந்தல்கால்.

"பாப்பம்" என்றார். அவருடைய சொந்தக் குரலில். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அதைக் கேட்டேன். மெல்லிய, ஒல்லியான குரல். மறந்தே போயிருந்தேன்.

பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து இராசம்மாக்கா கேட்டா: "என்னத்தைப் பாப்பம்?"

தலைவர் சால்வையைச் சரிசெய்தார். "எந்த மாரிக்கு முதல் எண்டு சொல்லுங்கோ" என்று பின்னாலிருந்து ஒரு ஆண்குரல். யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் உன் கால்மாட்டில் பூ வைத்துவிட்டுக் காரில் ஏறினார். அன்று அவரோடு சிரிப்பு ஏறவில்லை.

அன்றிலிருந்து எனக்கு உள்ள துன்பம் இதுதான். அந்தத் திரும்பிப் பார்த்தல் இருக்கிறதே, அதை என்னால் செய்து காட்ட முடியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தேன்; கழுத்துச் சுளுக்கியதுபோல் இருக்கிறது. அதைச் செய்யக்கூடியவன் நீ ஒருவன்தான். செருமி, அண்ணாந்து, திரும்பி, பந்தல்காலைக் கண்டு முகம் வெளிறுவதை நீ செய்திருந்தால் கடை இடிந்து விழுந்திருக்கும். அந்தப் பகிடியைச் சொல்ல ஓடிவருவதற்கு எனக்கு இருக்கும் ஒரே வீடு உன்னுடையது. அங்கேதான் நீ இல்லை. அங்கேதான் நான் வருசக்கணக்காக வராமலும் இருந்தேன்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்; எழுதுகிறபோது நான் கூரையைப் பார்க்க வேண்டிவரும்.

நேற்றுக் கடையிலிருந்து திரும்பும்போது மழை இருட்டியது. மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்குமேல் வந்துவிட்டது. நாளை மறுநாள் சங்கத்தில் கூட்டம். நானும் இராசம்மாக்காவும் இன்னும் சிலரும் தண்ணீர் ஏறமுன்னம் இக்கரைக்கு வந்து அண்ணையின் கடையில் தங்கிப் போகிறோம். புனலை நான் எடுத்துப் போகவில்லை. கேள்வியை மட்டும் கொண்டுபோகிறேன், அது நீ இல்லாமலும் நடக்கப் பழகிவிட்டது.